ஏஐ வைத்து ஆப் செய்வது: என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

திருநெல்வேலியில் எங்களுக்குச் சின்ன மென்பொருள் ஆபீஸ், மொத்தம் 4 பேர். சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகளும், சொந்தமாக ஏதாவது தொடங்க நினைப்பவர்களும் வந்து உட்கார்ந்து பேசுவது வழக்கம். கொஞ்ச காலமாகப் பேச்சு முழுக்க ஏஐ கோடிங் பற்றித்தான். ஒரே சந்தேகம் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, எல்லாரும் ஏஐ கோடிங்னு சொல்றாங்களே, அது சரியா என்னதான் பண்ணுது?

அடிப்படையில் இது ஒரு லாங்குவேஜ் மாடல். கோடிக்கணக்கான வரி கணினிக் கோடையும் எழுத்தையும் படித்து, இதுவரை வந்ததை வைத்து அடுத்து என்ன வரும் என்று கணிக்கப் பழகியது. 2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தபோது நாம் அரை வரி அடித்தால் மீதியை அது முடித்துக் கொடுத்தது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேள்வி கேட்டுக் கோடை வாங்கி ஒட்ட ஆரம்பித்தோம்.

இப்போது நாம் பேசுவது மூன்றாவது கட்டம், ஏஜென்ட். கர்சர், கிளாட் கோட் போன்ற டூல்கள் நம் ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து ஃபைல்களைப் படிக்கும், பல இடங்களில் மாற்றும், ஓட்டிப் பார்க்கும், எரர் வந்தால் அதைப் படித்துத் திரும்பத் திருத்தும். ஒரு ஜூனியர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரிதான் இருக்கும். அந்த ஜூனியருக்கு அசதியும் கிடையாது, நேற்று பேசியதும் ஞாபகம் இருக்காது. நாம் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

வைப் கோடிங்னா இதேதானா?

இல்லை. அந்தப் பெயரை 2025 பிப்ரவரியில் வைத்தவர் ஆந்த்ரே கார்பாத்தி. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயைத் தொடங்கியவர்களில் ஒருவர், டெஸ்லாவில் ஏஐ பிரிவை நடத்தியவர். கோடு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு, வாயால் சொல்லிச் சொல்லி, வருகிற மாற்றத்தையெல்லாம் படிக்காமலே ஏற்றுக்கொண்டு போவதை அவர் அப்படிச் சொன்னார். வார இறுதியில் செய்து தூக்கிப்போடும் வேலைகளுக்கு இது மோசமில்லை என்றும் அதே பதிவில் சொல்லியிருந்தார். பெயர் ஊர் முழுக்கப் பரவியது, அந்த ஒரு வரி மட்டும் பரவவில்லை. ஏஐ எழுதியதை நீங்கள் படித்து, புரிந்து, சோதித்து ஏற்றுக்கொண்டால் அது வைப் கோடிங் ஆகாது. அது வழக்கமான மென்பொருள் வேலைதான், கை மட்டும் வேறு.

எனக்கு கோடிங் சுத்தமா தெரியாது. நான் ஆப் பண்ணிட முடியுமா?

முடியும். எதுவரை முடியும் என்பதுதான் விஷயம். உங்களுக்கு மட்டும் பயன்படுகிற கணக்கு ஆப், வீட்டு விசேஷத்துக்கு யார் வருகிறார்கள் என்று குறிக்கும் பக்கம், கடையில் ஸ்டாக் பார்க்க ஒரு ஸ்க்ரீன்: தாராளமாகச் செய்யுங்கள். தப்பானால் உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே சரிசெய்துகொள்வீர்கள். அடுத்தவர் பணமும் அடுத்தவர் விவரமும் உள்ளே வரும்போதுதான் கதை மாறுகிறது.

நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் பதிவு செய்து ஏலச்சீட்டு நடத்தும் ஒரு அண்ணாச்சி. 20 பேர், ஆளுக்கு 5,000, மொத்தம் 1,00,000 ரூபாய்ச் சீட்டு. அவருடைய மருமகன் பி.காம் படித்தவர். இரண்டே ராத்திரியில் ஏஐயிடம் சொல்லி அழகாக ஒரு ஆப் செய்துவிட்டார். அந்த மாதம் 18,350 ரூபாய் தள்ளிச் சீட்டு எடுத்திருந்தார்கள். அதில் அண்ணாச்சியின் கமிஷன் 5,000 போக மீதி 13,350. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 667 ரூபாய் 50 காசு கழிவு. ஆப் அதை 668 என்று முழுமையாக்கிக்கொண்டு, ஆளுக்கு 4,332 கட்டச் சொன்னது. 20 பேர் கட்டினால் 86,640. சீட்டு எடுத்தவருக்கு 81,650, கமிஷன் 5,000, சேர்த்து 86,650 வேண்டும். 10 ரூபாய் துண்டு விழுந்தது.

அண்ணாச்சியின் நோட்டில் அந்தச் சிக்கலே கிடையாது. அவர் கழிவை 665 என்று வைப்பார், ஆளுக்கு 4,335 வாங்குவார், மிஞ்சும் 50 ரூபாயை அடுத்த மாதக் கழிவில் சேர்த்துவிடுவார். 'இதை ஏன் சொல்லலை?' என்று மருமகன் கேட்டார். 'நீ கேக்கலையே' என்றார் அண்ணாச்சி. ஏஐயும் கேட்கவில்லை. கோடில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஊர் வழக்கம் மட்டும் அதில் இல்லை. கோடிங் தெரியாத உங்களால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், கோடிங் தெரிந்த என்னைவிட அந்த அண்ணாச்சிதான் இந்த இடத்தில் கெட்டிக்காரர். உங்கள் தொழில் விவரத்தை ஒன்றுவிடாமல் எழுத்தில் சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிக்கு ஒரு புரோகிராமரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டூல் வாங்குறது? மாசம் எவ்வளவு ஆகும்?

பெயர் சொன்னால் 6 மாதத்தில் பழசாகிவிடும். பல டூல்களில் ஆரம்பக் கட்டணம் மாதம் 20 டாலரை ஒட்டி இருக்கிறது. ஏஜென்டை நாள் முழுக்க ஓட்டினால் அது போதாது, பயன்பாட்டுக்கு ஏற்பக் கூடும். 2025 ஜூனில் கர்சர் கட்டண முறையை மாற்றியபோது பலருக்கு எதிர்பாராத பில் வந்தது. ஜூலையில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எந்த டூலானாலும் முதல் நாளே செட்டிங்ஸில் செலவு வரம்பை வைத்துவிடுங்கள். மாணவர்கள் இலவசப் பிளானிலேயே 2 மாதம் ஓட்டலாம்.

தமிழ்ல சொன்னாப் புரிஞ்சுக்குமா, இல்ல இங்கிலீஷ்லதான் அடிக்கணுமா?

நன்றாகவே புரிந்துகொள்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் புரிகிறது. ஆனால் இந்த மாடல்கள் எழுத்தை டோக்கன் என்னும் சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். ஒரே விஷயத்துக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் டோக்கன் அதிகம், அதனால் செலவும் கொஞ்சம் கூடும். யோசிக்கத் தமிழும், ஃபங்ஷன் பெயர், எரர் போன்றவற்றுக்கு ஆங்கிலமும் என்று கலந்து அடிப்பதுதான் எங்கள் ஆபீஸ் பழக்கம்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆப்புக்குள் வரும் தமிழ். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று: த, மி, ழ். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் த தனி, ம தனி, இகரக் குறி தனி, ழ தனி, புள்ளி தனி. ஒரு பெண் எங்களிடம் கொண்டுவந்த ஃபார்மில் பெயருக்கு 12 எழுத்து வரம்பு. 'கிருஷ்ணமூர்த்தி' உள்ளே போகவே இல்லை. நம் கணக்கில் 8 எழுத்து, கணினிக் கணக்கில் 15. ஏஐ எழுதிய சோதனைகளில் எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில் இருந்ததால் எல்லாமே பச்சை, அதாவது தேறிவிட்டன. 'பயனர் பார்க்கும் எழுத்துக்களை எண்ணு, இன்டிஎல் செக்மென்டர் பயன்படுத்து' என்று (அது ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துக்களைப் பிரித்துத் தரும் வசதி) ஒரு வரி சொன்னதும் அதுவே சரியாகத் திருத்திவிட்டது. அதற்குத் தெரியாமல் இல்லை. யாராவது நினைவுபடுத்த வேண்டியிருந்தது. உங்கள் ஆப்பைச் சோதிக்கும்போது உங்கள் தெருவில் உள்ள பெயர்களைப் போட்டுப் பாருங்கள்.

ஆப் ரெடியாயிடுச்சு, என் போன்ல சூப்பரா ஓடுது. ப்ளே ஸ்டோர்ல போட்டுடலாமா?

ஸ்டோர் விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கூகுள் ப்ளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தாக வேண்டும். ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர்.

போடுவதற்கு முன் மூன்று இடங்களைத் தோண்டிப் பாருங்கள். ஒன்று, சாவிகள். ஆப்பில் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வே கொடுக்கும் ரகசிய சாவி சர்வரில் மட்டும்தான் இருக்க வேண்டும். அவசரத்தில் ஏஐ அதைப் போனுக்குப் போகும் கோடிலேயே எழுதியிருக்கும். ஆப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் எடுத்துவிடலாம். இரண்டு, யார் எதைப் பார்க்கலாம் என்ற பூட்டு. சூபாபேஸ் போன்ற டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிசைக்கும் உரிமையாளர் மட்டும் பார்க்கும் விதி வைக்கலாம், அதற்கு ரோ லெவல் செக்யூரிட்டி என்று பெயர். 2025-ல் லவபிள் என்ற ஏஐ டூலில் செய்த 1,645 ஆப்களை ஆராய்ந்தபோது 170 ஆப்களில் இந்தப் பூட்டு சரியாக இல்லை, பயனர் விவரம் வெளியே தெரிந்தது. எல்லாமே பார்வைக்கு நன்றாக ஓடிய ஆப்கள்தான். இரண்டு கணக்கு திறந்து, ஒன்றிலிருந்து மற்றதன் பில்லைப் பார்க்க முடிகிறதா என்று நீங்களே முயன்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

மூன்று, பணம் வந்ததை யார் முடிவு செய்கிறார்கள்? 'கட்டணம் வெற்றி' என்று போன் சொன்னதை நம்பி ஆர்டரை உறுதி செய்தால், அந்தச் செய்தியைப் போலியாக அனுப்பத் தெரிந்தவர் இலவசமாகச் சரக்கு வாங்குவார். கேட்வே அனுப்பும் கையொப்பத்தை சர்வர் சரிபார்த்த பிறகே உறுதி செய்ய வேண்டும். மக்களின் போன் நம்பரும் முகவரியும் உங்களிடம் இருந்தால், அவற்றைக் காப்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் பொறுப்பு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அந்தச் சட்டத்தில் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். 'ஏஐ எழுதியது' என்று அங்கே சொல்ல முடியாது.

ஏஐ ஒரு கம்பெனி டேட்டாபேஸையே அழிச்சிடுச்சாமே, நெசமா?

நிஜம். 2025 ஜூலையில் நடந்தது. அமெரிக்காவின் ஜேசன் லெம்கின், மென்பொருள் நிறுவன உலகில் தெரிந்த முதலீட்டாளர், ரெப்லிட் என்ற நிறுவனத்தின் ஏஐ ஏஜென்டை வைத்து ஒரு ஆப் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருந்தபோதே, ஏஜென்ட் 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரம் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டது. பிறகு, மீட்கவே முடியாது என்றும் சொன்னது. அதுவும் தப்பு, அவர் முயன்றபோது மீட்க முடிந்தது. ரெப்லிட் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தானாகவே பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்.

'செய்யாதே' என்று எழுதுவது ஒரு வேண்டுகோள்தான், பூட்டு ஆகாது. ஏஜென்டின் கைக்கு நிஜ டேட்டாபேஸின் பாஸ்வேர்ட் போகவே கூடாது. தினமும் பேக்கப் எடுங்கள். எடுத்த பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறு இடத்தில் திறந்தும் பாருங்கள், திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

ஏஐ சொன்ன பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணினா அப்படி ஒண்ணே இல்லங்குது?

பேக்கேஜ் என்பது மற்றவர்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஆயத்தக் கோடு. ஏஐ சில நேரம் இருப்பது மாதிரியே ஒரு பெயரைக் கற்பனை செய்துவிடும். 'இல்லை' என்று எரர் வந்தால் நல்லது. அதே கற்பனைப் பெயரில் கெட்ட கோடை முன்கூட்டியே ஏற்றி வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஸ்லாப்ஸ்குவாட்டிங் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. புதுப் பேக்கேஜ் என்றால் அதன் பக்கத்துக்குப் போய், எப்போது தொடங்கியது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் பண்ணுங்கள்.

இதனால வேலை உண்மையிலேயே வேகமாகுதா, இல்ல அப்படித் தோணுதா?

இரண்டும் நடக்கிறது. 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. தங்கள் ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லாருக்கும் திறந்திருக்கும்) ப்ராஜெக்டில் வருடக்கணக்காக இருக்கும் 16 அனுபவசாலிகள், 246 வேலைகள். ஏஐ இருந்தால் 24 சதவீதம் வேகமாகும் என்று முன்பே கணித்தார்கள். கடிகாரப்படி 19 சதவீதம் மெதுவானது. முடித்த பிறகும், 20 சதவீதம் வேகமானோம் என்றே நம்பினார்கள். இந்த நம்பிக்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விரல் ஓயும்போது நேரம் மிஞ்சியதாகத் தோன்றுகிறது.

அதை எல்லாருக்கும் பொருத்தவும் கூடாது. அது 2025 தொடக்கத்து டூல்கள், ஏற்கெனவே உள்ளங்கை போலத் தெரிந்த பெரிய கோடு. எங்கள் அனுபவத்தில் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கும் வேலை, தெரியாத மொழி, சலிப்பான ஃபார்ம், சோதனைகள் எழுதுவது ஆகியவற்றில் நேரம் நிச்சயம் மிச்சமாகிறது. 8 வருடப் பழைய பில்லிங் கோடில் ஒரு வரியை மாற்ற ஏஐயைக் கூப்பிட்டால், அது தொட்ட 11 ஃபைலைப் படிப்பதற்குள் பொழுது போய்விடும். சந்தேகமிருந்தால் ஒரு வாரம் நோட்டில் மணியைக் குறித்து வையுங்கள்.

தனி ஆளா கம்பெனி ஆரம்பிச்சு கோடிக்கணக்குல வித்துட்டாங்களாமே, நம்மளும் பண்ணலாமா?

பேஸ்44 கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். வாயால் சொன்னால் ஆப் செய்து தரும் டூல் அது. இஸ்ரேலைச் சேர்ந்த மாவோர் ஷ்லோமோ தொடங்கிய அந்த நிறுவனத்தை, ஏறக்குறைய 6 மாத வயதிலேயே, 2025 ஜூனில் விக்ஸ் என்ற இணையதள நிறுவனம் 80 மில்லியன் டாலருக்கு வாங்கியது. வெளி முதலீடு வாங்காமல் வளர்த்தார். அதே சமயம், அவர் அதற்கு முன்பே ஒரு டேட்டா நிறுவனத்தை நடத்திய அனுபவசாலி, விற்கும்போது உடன் சில ஊழியர்களும் இருந்தார்கள். 2025 தொடக்கத்தில் ஒய் காம்பினேட்டர் என்ற ஸ்டார்ட்அப் வளர்ப்பு அமைப்பில் சேர்ந்த ஸ்டார்ட்அப்களில் கால்வாசியின் கோடு 95 சதவீதம் ஏஐ எழுதியது என்று அந்த அமைப்பே சொன்னதும் உண்மை. ஆனால் அந்த ஸ்டார்ட்அப்காரர்கள் தாங்களே கையால் எழுதவும் வல்லவர்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

நம் பக்கம் மாறியிருப்பது இதுதான்: முன்பு முதல் வடிவம் செய்யவே சில லட்சம் செலவு, 4 மாதம். இப்போது 2 வாரத்தில் வாடிக்கையாளர் கையில் கொடுத்து, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிடலாம். பணமில்லாமல் யோசனையோடு நின்றுபோன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது உண்மையிலேயே ஒரு வாசல், அதில் எனக்கு மனசு நிறைந்த சந்தோஷம். கூடவே, நீங்கள் 2 வாரத்தில் செய்ததைப் பக்கத்துத் தெருக்காரர் 2 வாரத்தில் செய்துவிடுவார். அப்புறம் நிற்பது எது? உங்கள் ஆப்பை வாங்கிய கடைக்காரர் ராத்திரி 9 மணிக்கு பில் வரவில்லை என்று கூப்பிட்டால் எடுக்கிறவர் யார் என்பது. அதனால் கோடுக்கு மிச்சமான நேரத்தை இன்னும் பத்து அம்சம் சேர்ப்பதில் போடாதீர்கள். பத்துக் கடை ஏறி இறங்குங்கள்.

சார், பையன் ஃபைனல் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ். இனிமே வேலை கிடைக்குமா?

இதைக் கேட்கும் அம்மா அப்பாவின் குரலில் இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்தவர்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன்: சொன்ன கோடை மட்டும் அடித்துக் கொடுக்கும் தொடக்கநிலை வேலை சுருங்குகிறது. கூகுளில் புதிய கோடில் கால்வாசிக்கு மேல் ஏஐ உருவாக்குவதாகச் சுந்தர் பிச்சை 2024 அக்டோபரிலேயே சொன்னார். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. காரணம் ஏஐ இல்லை, திறன் பொருத்தமின்மை என்று அந்நிறுவனம் சொன்னது. எந்தக் காரணமானாலும், வெறும் பட்டம் இனி போதாது.

எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும்போது இப்போது இப்படித்தான் சோதிக்கிறேன்: ஏஐ எழுதிய 200 வரிக் கோடைக் கொடுத்து, உள்ளே ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடி என்பேன். டூல் எதையும் பயன்படுத்தலாம். ஆனால் ஏன் பிழை என்று என்னிடம் வாயால் விளக்க வேண்டும். போன முறை வந்த 9 பேரில் 2 பேர் விளக்கினார்கள். இருவருமே ஆரம்பத்தில் ஏஐ இல்லாமல் கையால் எழுதித் தப்புப் பண்ணிப் பழகியவர்கள். உங்கள் பையனை முதல் ஒரு மணி நேரம் தானே எழுதச் சொல்லுங்கள், பிறகு ஏஐயிடம் கேட்கட்டும். நிஜமான ஒரு ஆள் தினமும் பயன்படுத்தும் ஒரே ஒரு ஆப், அது உங்கள் கடைக் கணக்காக இருந்தாலும் சரி, கையில் இருக்கட்டும்.

ஏஐ எழுதின கோட் யாருக்குச் சொந்தம்? ஆபீஸ் கோடை அதுல போடலாமா?

முதலாவதற்கு நாட்டுக்கு நாடு பதில் மாறும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில், வெறும் ப்ராம்ப்ட் (ஏஐக்கு எழுதும் கட்டளை) கொடுத்ததால் மட்டும் உரிமை வராது, மனிதரின் படைப்புப் பங்கு வேண்டும் என்றது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. இன்றைய ஏஐக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதில் வாதம் உண்டு. முதலீட்டாளரிடம் போகப் போகிறீர்கள் என்றால் வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இரண்டாவதற்கு ஒரே பதில்: எழுத்தில் அனுமதி இல்லாமல் போடாதீர்கள். சொந்தக் கணக்கில் க்ளையன்ட் கோடை ஒட்டுவது, உங்கள் ஒப்பந்தத்தையே மீறுவதாக இருக்கலாம்.

ஒரு வருஷம் கழிச்சு அந்தக் கோடை யாரும் தொட முடியாமப் போச்சுன்னா?

அதுதான் என்னிடம் வரும் ரிப்பேர் வேலைகளில் பாதி. எழுதியவருக்கே ஏன் அப்படி எழுதினோம் என்று தெரியாது, ஏனென்றால் அவர் எழுதவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஏன் என்று ஒரு வரி ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே எழுதி வையுங்கள், தமிழிலேயே எழுதலாம். கூடவே சோதனைகள். அவற்றையும் ஏஐயிடமே எழுதச் சொல்லலாம், ஆனால் சரியான விடை எது என்பது உங்களிடமிருந்து வர வேண்டும்.

மேலே சொன்ன சீட்டு ஆப்பை நாங்கள் அப்படித்தான் நிமிர்த்தினோம். அண்ணாச்சியின் பழைய நோட்டிலிருந்து 14 மாதக் கணக்கை எடுத்தோம்: தள்ளிய தொகை, கழிவு, ஆளுக்குக் கட்டியது, அடுத்த மாதம் போன மிச்சம். ஒவ்வொரு மாதமும் ஒரு சோதனை. இனி யார், எந்த ஏஐயை வைத்து மாற்றினாலும் அந்த 14-ம் பச்சையாக வந்தாக வேண்டும். முதல்முறை ஓட்டியபோது 13 பொருந்தின, 9-வது மாதம் மட்டும் சிவப்பு. கோடை இரண்டு மணி நேரம் துருவினோம், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு நோட்டைப் பார்த்தார். அந்த மாதம் முந்தைய மிச்சம் 50 ரூபாயைக் கழிவில் சேர்க்க அவர்தான் மறந்திருந்தார். பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழே எழுதிவிட்டு, 20 பேரின் பெயரையும் ஒருமுறை வாசித்து, 'ஆளுக்கு ரெண்டரை ரூபா பாக்கி, இந்த மாசம் சேத்துப் போடு மாப்ளே' என்றார்.